சிரட்டையும் சுண்ணாம்பும்: எல்லையோர ஊரில் பொருள்கள் பெறும் அர்த்தம்

பொள்ளாச்சி வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டியை யாரும் குப்பையில் வீசுவதில்லை. கொப்பரைக் களத்தில் பருப்பைத் தோண்டி எடுத்தபின் மிஞ்சும் ஓட்டுக்கு எடை போட்டு விலை கொடுக்க ஆள் வருகிறது. காற்றை அடக்கிக் குழியிலிட்டு எரித்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடைக்குக் கரி தேறும். அந்தக் கரியை மேலும் பதப்படுத்தி, தண்ணீர் சுத்திகரிக்கவும் தங்கச் சுரங்கங்களில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரிக்கவும் ஏற்றுமதி செய்கிறார்கள். களத்துக்காரருக்குத் தொட்டி என்றால் கிலோவுக்கு இத்தனை ரூபாய், அவ்வளவுதான்.

மேற்கே அம்பராம்பாளையம் வழியாகப் போய் மீனாட்சிபுரத்தைத் தாண்டினால் அதே ஓடு சிரட்டையாகி அடுக்களைக்குள் வந்துவிடுகிறது. கண் உள்ள பாதியை வழவழப்பாகச் சுரண்டி, கண்ணைத் திறந்து, அரிசி மாவும் தேங்காய்த் துருவலும் நிரப்பிக் குக்கரின் ஆவிக்குழாயில் பொருத்தினால் சிரட்டைப் புட்டு. கண் இல்லாத பாதியில் இரண்டு துளையிட்டு மூங்கில் காம்பு செருகினால் அகப்பை. இன்னும் மேற்கே, மலையடிவார ரப்பர் தோட்டங்களில், மரத்தில் கம்பி கட்டி வைத்த சிரட்டைதான் பிளாஸ்டிக் கிண்ணம் வருமுன் நெடுங்காலம் பாலை ஏந்தியது. இப்போது நகரத்துக் கடைகளில் அதையே மெருகேற்றி, ‘இயற்கைக் கிண்ணம்’ என்று பெயரிட்டு, பழக்கலவை வைத்துச் சாப்பிடச் சொல்லி விற்கிறார்கள்.

கொங்கு நாட்டுத் தலித் குடியிருப்பில் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் அந்தக் கிண்ணத்தை நீட்டிப் பாருங்கள். அவருக்கு நினைவு வருவது புட்டுமல்ல, ரப்பர் பாலுமல்ல. டீக்கடைக்கு வெளியே கூரைச் செத்தையில் செருகி வைத்திருந்த சிரட்டையைத் தானே எடுத்துக் கழுவி, இரு கையாலும் ஏந்தி நிற்க, மேலிருந்து டீ ஊற்றப்பட்ட காலம் அது. அடி உருண்டையான பாத்திரம் அது. சூடாக இருக்கிறதென்று கீழே வைக்க முடியாது. குடித்து முடிக்கும்வரை ஏந்திக்கொண்டேதான் நிற்க வேண்டும்.

ஓடு ஒன்றுதான். கடினம், எடை, உருண்டை எதுவும் மாறவில்லை. பின் எதை வைத்து ஒருவருக்கு அது விலைப்பொருளாகவும் ஒருவருக்கு அடுக்களைப் பொருளாகவும் ஒருவருக்கு அவமானமாகவும் ஆகிறது? வளர்ப்பும் சூழலும் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்தப் பதில் தவறில்லை, போதாது. வளர்ப்பு என்பதை வீட்டுக்குள் தாய் தந்தை சொல்லித்தருவது என்று சுருக்கிப் புரிந்துகொள்ளும் பழக்கம் நமக்கு இருக்கிறது. பொருள்களைப் பொறுத்தவரை சொல்லித்தருவது மிகக் குறைவு. எது யார் கையில் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பிள்ளை பார்க்கிறது, அதுவே பாடம். அப்படிக் கொடுக்கும் முறையை முடிவு செய்பவை வீட்டுக்கு வெளியே இருக்கின்றன: சாதி, சட்டம், தண்ணீர், கூலி. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான். அதற்கு மீனாட்சிபுரத்தைவிடத் தோதான இடம் எளிதில் அமையாது.

(தென்காசிக்கு அருகே 1981-ல் மதமாற்றத்தால் நாடு முழுக்கப் பேசப்பட்ட மீனாட்சிபுரம் வேறு. இது பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பொள்ளாச்சி–பாலக்காடு ரயில் பாதையில் கேரளத்துக்குள் நுழைந்ததும் வரும் ஊர்.)

சமூக ஆய்வில் சூழலின் பங்கைப் பிரித்தறிவது கடினம். இரண்டு ஊர்களை ஒப்பிட்டால் மொழி மாறும், மண் மாறும், தொழில் மாறும். எது எதற்குக் காரணம் என்று சொல்ல வராது. இங்கே அந்தச் சிக்கல் பாதி தீர்ந்திருக்கிறது. எல்லைக்கு இருபுறமும் தமிழ் பேசப்படுகிறது. இருபுறமும் தென்னை, பனை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்துவிட்ட இடைவெளியில், கேரளத்தின் மற்றப் பகுதிகளைவிட மழை குறைந்த வெளி இது. இருபுறத்துக்கும் தண்ணீர் ஒரே ஏற்பாட்டிலிருந்து வருகிறது: பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டு வழியாக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி சித்தூர்ப் பகுதிக்கு. 1970-ல் கையெழுத்தாகி 1958-லிருந்து முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோயில் திருவிழாவும் எல்லை பார்ப்பதில்லை. மாறுவது அரசும் சட்டமும் மட்டும்தான். சித்தூர்ப் பகுதி ஒரு காலத்தில் பிரிட்டிஷ் மலபாருக்கு நடுவே கொச்சி சமஸ்தானத்தின் தனித் துண்டாகக் கிடந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த மண்ணில் சட்டக் கோடு விழுவது புதிதல்ல என்பது தெரியும்.

பொருளின் அர்த்தம் மனிதருக்குள் எப்படி ஏறுகிறது என்று உளவியலார் பல காலமாகச் சோதித்து வருகிறார்கள். கார்ல் டுங்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளரின் மெழுகுவர்த்திச் சோதனை புகழ்பெற்றது. 1945-ல் ஆங்கிலத்தில் வெளியானது. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு சிறு அட்டைப்பெட்டி நிறையக் குத்தூசி. மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். பெட்டியைக் காலி செய்து, சுவரில் குத்தி, அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்துவதுதான் வழி. பெட்டிக்குள் ஊசி இருந்தபோது பலருக்கு அது தோன்றவில்லை. பெட்டியைக் காலியாகத் தனியே வைத்தபோது எளிதில் தோன்றியது. ‘இது ஊசி போட்டு வைப்பதற்கு’ என்று கண் ஒருமுறை முடிவு செய்துவிட்டால், அதே பெட்டியை வேறாகப் பார்க்க முடிவதில்லை.

இந்தப் பிடிப்பு பிறவியிலேயே வருவதல்ல. டிம் ஜெர்மன், மார்கரெட் டிஃபெய்ட்டர் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது இல்லை. ஆறு, ஏழு வயதில் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயது. ஆனால் அதற்கு வெகு முன்பே ஒரு விதை விழுந்துவிடுகிறது: ஒரு கருவியைப் பெரியவர் ஒருமுறை ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துவதைப் பார்த்ததுமே, இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் அந்தக் கருவியை அந்தக் காரியத்துக்கென்றே ஒதுக்கிவிடுகின்றன என்று 2005-ல் கிரிஸ்டா காஸ்லரும் டெபோரா கெலமனும் காட்டினார்கள். ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். அதே ஆண்டு, எக்வடோரின் அமேசான் காட்டில் வாழும் ஷுவார் மக்களின் இளைஞர்களிடம் இதே வகைச் சோதனை நடந்தது. கருவிகள் குறைவாகப் புழங்கும் சமூகம் அது. அங்கேயும் அந்தப் பிடிப்பு இருந்தது. ஆக, பொருளுக்கு ஒரு வேலையைக் கட்டிப்போடும் குணம் மனிதருக்குப் பொது. எந்த வேலையைக் கட்டிப்போடுகிறோம் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

இந்த ஆய்வுகளை மதிக்கிறேன். ஆனால் அவற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. ஆய்வுக்கூடத்துப் பெட்டிக்குச் சாதி கிடையாது. அதை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. ‘இது எதற்கு?’ என்று மட்டும் கேட்கிறார்கள். நம் ஊரில் பிள்ளை அதோடு சேர்த்து இன்னொன்றையும் கற்கிறது: ‘இது யாருக்கு?’

டீக்கடைக்கு வருவோம். சிரட்டை போய்த் தனிக் குவளை வந்தது. சட்டப்படி இரண்டும் குற்றம். அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் ஒரு சட்டமும் 1989-ல் இன்னும் கடுமையான ஒரு சட்டமும் வந்தன. இருந்தும் இரட்டைக் குவளை இந்தப் பகுதியிலிருந்து எளிதில் போய்விடவில்லை. சமூகச் சீர்திருத்தத்துக்குப் பெயர்போன கேரளத்துக்குள் அது கிடையாது என்று நினைத்திருந்தவர்களுக்கு 2017 ஓர் அதிர்ச்சி. மீனாட்சிபுரத்துக்குத் தெற்கே, முதலமடை ஊராட்சி கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் வாழும் சக்கிலியர் குடும்பங்கள் (தமிழ்நாட்டில் அருந்ததியர் என்று அறியப்படுபவர்கள்) டீக்கடையில் தனிக் குவளை, பொதுக் குழாயில் தண்ணீர் பிடிப்பதில் பாகுபாடு என்று புகார் சொன்னார்கள். மாநிலம் முழுக்கச் செய்தியானது. அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு.

அந்த மறுப்பை வெறும் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதில் நம் தலைப்புக்கு நேரடியாக வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. தன் பிள்ளைப் பருவம் முழுக்க உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் குடித்தவருக்கு, கிளாஸ் என்பது கிளாஸ்தான். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. வெளியே நின்று குடித்தவருக்கு அதே கிளாஸ், தனக்குத் தரப்படாத ஒன்று. இருவர் கண்ணுக்கும் எதிரே ஒரே அலமாரி, ஒரே வரிசை. ஒருவருக்கு அந்த வரிசை தெரிகிறது, இன்னொருவருக்குத் தெரிவதேயில்லை. தெரியாமல் போவதும் வளர்ப்பின் விளைவே. சலுகை பெற்றவர் பொருளை வெறும் பொருளாகப் பார்க்கப் பழக்கப்படுகிறார்.

பிறகு காகிதக் கப் வந்தது. எல்லாருக்கும் ஒரே கப், குடித்ததும் எறி. பல கடைகளில் இரட்டைக் குவளைச் சண்டை இதனால் ஓய்ந்தது. கடைக்காரர் மனம் மாறினாரா, எச்சில் கிளாஸைக் கழுவும் கேள்வியைத் தவிர்த்துக்கொண்டாரா என்பதைக் காகிதக் கப் சொல்லாது. நகரத்தில் சுகாதாரம் என்று பொருள்படும் அந்தக் கப்புக்கு இங்கே இன்னோர் அர்த்தமும் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

சாதிக் கோடு எல்லைக்கு இருபுறமும் ஓடுகிறது. சட்டக் கோடு அப்படி அல்ல. அதைப் பார்க்கக் கள் பானைதான் சரி.

தென்னையின் விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தட்டித் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால் சாறு சொட்டும். நாளும் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பாளை அடைத்துக்கொள்ளும். சொட்டும்போது அது இனிப்பு நீர், போதை இல்லை. பானையிலும் காற்றிலும் உள்ள ஈஸ்ட் அதைச் சில மணி நேரத்தில் புளிக்கவைத்துக் கள்ளாக்குகிறது. பானையின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவி வைத்தால் புளிப்பது நிற்கிறது. அப்போது இறங்குவது பதநீர். பனையில் இறங்குவதைக் கொங்கு வழக்கில் தெளுவு என்பார்கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, கத்தி ஒன்று, ஏறுகிற ஆளும் ஒருவரே. வேறுபாடு பானையின் உள்சுவரில் விரல் அகலத்துக்குப் பூசிய சுண்ணாம்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சுண்ணாம்பு இருந்தால் தொழில், இல்லாவிட்டால் வழக்கு. மீனாட்சிபுரத்தில் சுண்ணாம்பு இல்லாத பானைக்கு மரவரியும் உரிமமும் உண்டு. அதை இறக்குகிறவருக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி நல நிதியும் உண்டு. சித்தூர் வட்டத்துத் தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் வண்டியேறுகிறது.

இனி இரண்டு பக்கத்துப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். மேற்குப் பக்கத்துப் பிள்ளைக்குக் கள்ளுக்கடை என்பது அரசுப் பலகை மாட்டிய, பகல் வெளிச்சத்தில் திறந்திருக்கும் கட்டடம். மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும் சாப்பாட்டுக் கடை என்றே இன்று பலருக்கு அது அறிமுகம்; குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கலாம். பானையோடு சைக்கிளில் போகிறவர் தொழிலாளி, தொழிற்சங்க உறுப்பினர். கிழக்குப் பக்கத்துப் பிள்ளைக்குக் கள் என்பது பெரியார் தம் தோப்பின் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்த பள்ளிக்கூடக் கதை. தாய்மார் கண்ணீர் என்ற மேடைப்பேச்சு. போலீஸ் உடைத்த பானை. அந்தப் பிள்ளையின் தெருமுனையில் அரசே நடத்தும் மதுக்கடை இருப்பது தனி வேடிக்கை. அங்கே விற்கும் சீல் வைத்த பாட்டில் சட்டத்துக்கு உட்பட்டது, தோப்பில் இறக்கியது உட்படாதது என்று பிள்ளை கற்கிறது. போதையின் அளவை வைத்து இதைக் கற்க வழியில்லை. பாட்டில் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் கற்க முடியும்.

வளர்ப்பு என்ற சொல் எவ்வளவு தளர்வானது என்பதற்குக் கிழக்குப் பக்கத்து முதியவர் ஒருவரின் வாழ்நாளே சான்று. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-க்குள் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் விலக்கப்பட்டது. 1974-ல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981-ல் திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடி தடை. கள்ளுக்கு அது இன்றுவரை நீடிக்கிறது. 1930-ஐ ஒட்டிப் பிறந்த ஒரு பொள்ளாச்சிக்காரர், தன் தோப்பின் ஒரே மரத்துப் பானை உணவாகவும் குற்றமாகவும் வருமானமாகவும் மறுபடி குற்றமாகவும் மாறுவதைப் பார்த்திருப்பார். அவர் மனத்தில் எது தங்கும்? இன்று கொங்கு விவசாயிகள் கள் இறக்க அனுமதி கேட்டுப் போராடும்போது, கள் உணவு என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பு அதை வீம்பு என்கிறது. அந்த வாதத்துக்குப் பின்னால் எல்லைக்கு அப்பால் சில கிலோமீட்டரில் நடப்பதை நாள்தோறும் பார்க்கும் கண்கள் இருக்கின்றன என்பதைச் சென்னையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பனைக்கும் இதே கதைதான். மலையாளத்துப் பழங்கதைகளில் கரிம்பனை உச்சி யட்சியின் மாளிகை. இரவில் தனியே வருகிறவனை மயக்கி மேலே ஏற்றிக்கொண்டு போவாள், விடிந்தால் மரத்தடியில் பல்லும் நகமும் கிடக்கும். தமிழ்நாட்டுக்கு அதே பனை மாநில மரம். ஓலை, நுங்கு, கருப்பட்டி, கிழங்கு என்று தரும் மரம். கேரளம் தன் மாநில மரமாகத் தென்னையைத்தான் எடுத்துக்கொண்டது. மீனாட்சிபுரத்துப் பிள்ளைக்கு இரண்டு பனையும் உண்டு. பாட்டி தமிழ் பேசினால் நுங்கு, பள்ளித் தோழி மலையாளம் பேசினால் யட்சி. இப்படி இரட்டை அர்த்தத்தோடு வளர்கிறவர்கள் குழம்பிப்போவதில்லை. எந்த இடத்தில் எது செல்லும் என்று நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஒரு பொருளுக்கு ஓர் அர்த்தம் என்று பிடிவாதம் பிடிப்பது எல்லையிலிருந்து தொலைவில் வாழ்கிறவர்களின் சொகுசு.

இதுவரை பார்த்தவை மெல்லப் படிந்த அர்த்தங்கள். பிளாச்சிமடையில் அது இரண்டே ஆண்டில் கவிழ்ந்தது.

பிளாச்சிமடையும் மீனாட்சிபுரமும் ஒரே பெருமாட்டி ஊராட்சி வட்டாரம். 2000-ல் இங்கே கோகோ கோலா நிறுவனத்தின் ஆலை, ஏறத்தாழ 34 ஏக்கரில், உற்பத்தியைத் தொடங்கியது. ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்தது. ஆலை தொடங்கிச் சில மாதங்களிலேயே சுற்றுவட்டாரக் கிணற்று நீர் மட்டம் இறங்கிவிட்டதாகவும் சுவை மாறிவிட்டதாகவும் மக்கள் சொல்லத் தொடங்கினார்கள்: அரிசி வேகவில்லை, குளித்தால் உடல் அரிக்கிறது. 2002 ஏப்ரல் 22-ல் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. முன்னின்றவர்கள் எரவாளர் பழங்குடியினரும் தலித்துகளும். முகமாக அமைந்தவர் எரவாளர் பெண்ணான மயிலம்மா. பள்ளிக்கூடம் போகாதவர். 2007 ஜனவரியில் இறந்தார்.

இங்கே நம் தலைப்புக்கு வேண்டியவை இரண்டு பொருள்கள். முதலாவது, ஆலைக் கழிவுச் சேறு. ஆலை அதை அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு உரம் என்று கொடுத்தது. மண்ணில் போடுவது, கருப்பாக இருப்பது, லாரியில் வருவது, பெரிய நிறுவனம் தருவது: உரம் என்று நம்ப வேண்டிய அத்தனை அடையாளமும் அதற்கு இருந்தது. தென்னைக்கும் நெல்லுக்கும் போட்டார்கள். 2003 ஜூலையில் பிபிசி வானொலியின் புலனாய்வு நிகழ்ச்சி, ஆய்வகச் சோதனையில் அந்தச் சேற்றில் காட்மியமும் ஈயமும் இருப்பதை வெளியிட்டது. தோட்டத்தில் கிடந்த உரம் ஒரே வாரத்தில் நஞ்சானது. சேறு மாறவில்லை, அதைப் பற்றிய அறிவு மாறியது. வளர்ப்பால் வந்த கண் இங்கே விவசாயியைக் காப்பாற்றவில்லை, கைவிட்டது. நிறத்தையும் வாடையையும் வைத்து மண்ணுக்கு நல்லது கெட்டது சொல்லத் தெரிந்தவருக்கு, கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத உலோகத்தை எந்தத் தாத்தாவும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இரண்டாவது, குடம். சித்தூர்க் கிழக்கில் வறட்சி புதிதல்ல. குடம் எடுத்து நடப்பது பெண்பிள்ளைகள் சிறுவயதிலேயே கற்கும் வேலை. போராட்டம் தொடங்கியபின் அதே காலிக் குடம் ஆலை வாசலில் வரிசையாக வைக்கப்பட்டது. பத்திரிகைப் படங்களில் உலகம் பார்த்தது. வீட்டு வேலையின் சுமையாக இருந்த பொருள் ஒரு வழக்கின் சாட்சியாயிற்று. வளர்ப்பு ஒரு பொருளுக்குத் தந்த அர்த்தத்தை மனிதர்கள் கூடி நின்று மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். 2003-ல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-ல் கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு, இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டது. இழப்பீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமல் திரும்பியது.

இடுக்கி எல்லைக்குப் போனால் பொருள் மாறும், இலக்கணம் மாறாது. மூணாறில் தேயிலைச் சரிவு சுற்றுலா வருகிறவருக்குப் படம் பிடிக்கும் பச்சை. லயத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு அது கிலோக் கணக்கு. 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுப் பெண்களே திரண்டு ‘பெண்கள் ஒற்றுமை’ என்று போராடியபோது நாள் கூலி 232 ரூபாய். அது பிறகு 301 ஆனது; பறிக்க வேண்டிய குறைந்தபட்சக் கொழுந்தும் 21 கிலோவிலிருந்து 25 ஆனது. ஒரே சரிவு, ஒரே மூடுபனி. யார் எங்கே நின்று பார்க்கிறார் என்பதைப் பொறுத்து அது காட்சியாகவோ எடையாகவோ ஆகிறது.

பொருளும் அர்த்தமும் பற்றிய ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, மிஹாய் சிக்செண்ட்மிஹாயும் யூஜின் ராக்பெர்க் ஹால்டனும் 1981-ல் வெளியிட்ட நூல். சிகாகோ வட்டாரத்தில் 82 குடும்பங்களின் 315 பேரிடம், வீட்டில் உங்களுக்கு முக்கியமான பொருள் எது, ஏன் என்று கேட்டார்கள். இளையவர்கள் பாட்டுக் கருவியையும் தொலைக்காட்சியையும் சொன்னார்கள். தாத்தா பாட்டிகள் புகைப்படத்தைச் சொன்னார்கள். வயது ஏற ஏற, பொருள் ‘என்ன செய்யலாம்’ என்பதிலிருந்து ‘யாரை நினைவூட்டுகிறது’ என்பதற்கு நகர்கிறது. நல்ல நூல். ஆனால் கேள்வி, வீட்டில் வைத்திருக்கும், பிரியமான பொருளைப் பற்றியது மட்டும். வீட்டுக்குள் நுழையவிடாத பொருள் எது, ஏன் என்று கேட்டிருந்தால் வேறொரு நூல் கிடைத்திருக்கும். அதற்கும் முன்பு, 1947-ல், ஜெரோம் புரூனரும் செசில் குட்மனும் பத்து வயதுப் பிள்ளைகளிடம் நாணயத்தின் அளவை ஒளிவட்டத்தால் காட்டச் சொன்னபோது, ஏழைப் பிள்ளைகள் நாணயத்தை இன்னும் பெரிதாகக் காட்டினார்கள். பின்வந்த சோதனைகள் எல்லாம் அதை ஒரே மாதிரி உறுதிப்படுத்தவில்லை. இருந்தாலும் அவர்கள் கேட்ட கேள்வி சரியானது: இல்லாமை கண்ணை என்ன செய்கிறது?

நம் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது, அதிகம் இல்லை. சிரட்டையில் டீ வாங்கிக் குடித்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சிரட்டை கைவினைக் கண்காட்சிப் பொருள். அப்படி ஆனதில் எனக்கு வருத்தமில்லை. அவமானத்தைப் பரம்பரைச் சொத்தாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கைவினைக் கூடத்தின் விளக்க அட்டையில் ‘அகப்பை, புட்டு, பொத்தான்’ என்று எழுதிவிட்டு அந்த ஒரு பயன்பாட்டை மட்டும் விட்டுவிடுவது வரலாறாகாது.

சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. பொள்ளாச்சியில் நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள ஊர்களில்தான் இந்தக் கட்டுரையில் வரும் அத்தனை பொருளும் புழங்குகின்றன. ஆய்வுத் தலைப்புக்குத் தவிக்கும் மாணவர்கள் ஒரு சிரட்டை, ஒரு சுண்ணாம்புப் பானை, ஒரு காலிக் குடம் மூன்றையும் எடுத்துக்கொண்டு எல்லைக்கு இருபுறமும் வீடு வீடாகப் போய், ‘இது என்ன?’ என்று கேட்காமல், ‘இதை உங்களுக்கு முதலில் யார், எப்படிக் கொடுத்தார்கள்?’ என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். முதலில் முதியவர்களிடம் போகட்டும்.